கீழறையில் இருந்த கல்

சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதிர்வலை சிகிச்சைக்காக முதல் தடவை படுத்திருந்தபோது அடிகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். இருபது வருஷமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். பயம் வந்தால் எதையாவது எண்ண ஆரம்பித்துவிடுவேன். கடிகார முள் ஒரு விநாடி நகர்வதற்குள் 'டக், டக்' என்று இரண்டு அடி. அப்படியென்றால் நிமிடத்துக்கு 120. மொத்தம் 3000 அடி என்று முன்பே சொல்லியிருந்தார்கள். 25 நிமிடத்தில் முடிந்துவிட்டது. "அவ்வளவுதான் டீச்சர், வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை, மயக்கம்கூட இல்லை. அன்று மாலையே விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன்.

அந்தக் கல் என் உடம்பை விட்டு முழுசாகப் போக அதற்குப் பிறகு ஏழு மாதம் ஆனது.

தெரிந்தவர்கள் யாருக்காவது சிறுநீரகத்தில் கல் என்றால் இப்போது எனக்குத்தான் போன் வருகிறது. "ஈஎஸ்டபிள்யூஎல் நல்லதா, லேசர் நல்லதா, முதுகில துளை போடுறாங்களே அது நல்லதா?" எல்லோரும் கேட்பது இதைத்தான். (ஈஎஸ்டபிள்யூஎல் என்பது அதிர்வலைதான்.) நானும் அன்று இதைத்தான் கேட்டேன். சரியாகச் சொன்னால், "இதில கத்தி படாதது எது?" என்று கேட்டேன். டாக்டர் அதிர்வலையைச் சொன்னார், நான் தலையாட்டினேன். கேட்டிருக்க வேண்டியது வேறு. கல் உடைந்த பிறகு அந்தத் துண்டுகளை யார் வெளியே எடுப்பது? டாக்டரா, என் உடம்பா? என் உடம்பு என்றால், அதால் முடியுமா?

என் கல் இடது சிறுநீரகத்தில், கீழறையில் இருந்தது. அல்ட்ராசவுண்டில் 16 மி.மீ. என்று வந்தது. சிடி ஸ்கேனில் 13. அல்ட்ராசவுண்ட் அளவைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது சகஜமாம். அளவை வைத்துச் சிகிச்சை முடிவாகும்போது அந்த 3 மி.மீ. சின்ன விஷயமில்லை. அதனால் சிடி எடுக்காமல் எந்தச் சிகிச்சைக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். (கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குக் கதிர்வீச்சைத் தவிர்க்கத்தான் பார்ப்பார்கள்.)

சிடி ரிப்போர்ட்டின் மூன்றாவது வரியில் இன்னொரு எண்ணும் இருந்தது: 1180 ஹெச்யூ. கல்லின் அடர்த்தி அது. 1000-க்கு மேல் போனால் அதிர்வலைக்கு உடைவது கடினம் என்பதை எந்தச் சிறுநீரக மருத்துவரும் அறிவார். அந்த வரியை அன்று யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை. இன்றும் அது எனக்கு மனத்தாங்கல்தான். சொல்லியிருந்தால் நானே யோசித்திருப்பேன்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுநீரகத்துக்குள்ளே சின்னச் சின்னக் கிண்ணங்கள்போல அறைகள் இருக்கின்றன. மேலே சில, நடுவில் சில, கீழே சில. எல்லாம் நடுவிலுள்ள புனல் போன்ற பகுதியில் வந்து சேரும். அங்கிருந்து 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள சிறுநீர்க்குழாய் மூத்திரப்பைக்கு இறங்குகிறது. அதன் உள்விட்டம் 3, 4 மி.மீ.தான். அதிலும் மூன்று இடங்களில் குறுகலாக இருக்கும்: சிறுநீரகத்தை விட்டு இறங்கும் இடம், இடுப்பில் பெரிய ரத்தக்குழாய்களைத் தாண்டும் இடம், மூத்திரப்பைக்குள் நுழையும் இடம். மேலறையில் கல் உடைந்தால் தூள் தானாக இறங்கும். கீழறையில் உடைந்தால் அது முதலில் மேலே ஏற வேண்டும். கிணற்றின் அடியில் கல்லை உடைத்துவிட்டு, அது தானே மேலேறி வரும் என்று காத்திருப்பதைப் போன்றது.

அதிர்வலை சிகிச்சையை நான் குறை சொல்லவில்லை. சரியான கல்லுக்கு அதைப்போல நிம்மதியானது வேறில்லை. ஜெர்மனியில் டோர்னியர் என்ற விமானக் கம்பெனியில், அதிவேக விமானங்களின் மேல் மழைத்துளி மோதும்போது உண்டாகும் அதிர்ச்சியை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். அந்த அதிர்வு பொருள்களுக்குள்ளே பாய்ந்து போவதைக் கவனித்ததிலிருந்து பிறந்தது இந்தக் கருவி. 1980 பிப்ரவரியில், மியூனிக்கில், கிறிஸ்டியன் சௌஸியின் குழு முதல் நோயாளிக்கு இதைச் செய்தது. அப்போது நோயாளியை ஒரு தண்ணீர்த் தொட்டியில் இறக்கித்தான் செய்ய வேண்டியிருந்தது. இப்போது தொட்டி இல்லை. முதுகுக்கும் கருவிக்கும் நடுவில் தண்ணீர் நிரம்பிய ஒரு பை, அதன்மேல் ஜெல். ஜெல்லில் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் அலையின் பலம் அங்கேயே வீணாகிவிடும்.

வலி எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். ரப்பர் பேண்டை இழுத்து முதுகில் விட்டால் எப்படியோ அப்படி. ஒன்று தாங்கலாம். ஐநூறாவது அடியில் அதே இடம் கன்றிப்போன மாதிரி ஆகிவிடும். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள், அதனால் சமாளித்தேன். அன்று இரவு சிறுநீர் ரத்தச் சிவப்பாகப் போனது. இரண்டு நாளில் தெளிந்தது. அது எல்லோருக்கும் நடப்பதுதான்.

ஒரு வடிகட்டியைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அதன் வழியே சிறுநீர் கழிக்கச் சொன்னார்கள். முதல் வாரம் மணல்போல வந்தது. பதினோராம் நாள், ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். இடது விலாவுக்குக் கீழே பிடித்த வலி அடிவயிறு வரை இழுத்தது. சாக்பீஸ் கையில் நொறுங்கியது தெரியவில்லை. பிள்ளைகள் பயந்துபோய் எழுந்து நின்றது மட்டும் நினைவிருக்கிறது. உடைந்த துண்டு ஒன்று குழாயில் இறங்கியிருக்கிறது. மறுநாள் விடியற்காலையில் வடிகட்டியில் விழுந்தது. 4 மி.மீ. கறுப்பு கலந்த பழுப்பு நிறம், ஒரு பக்கம் மழமழப்பு, உடைந்த பக்கம் கண்ணாடிச் சில்லைப்போல. ஒரு சின்ன பாட்டிலில் போட்டு வைத்தேன். அப்படிப் போட்டு வைத்தது பின்னால் மிகவும் உதவியது.

கல் பெரிதாக இருந்து பல துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயில் வரிசைகட்டி அடைத்துக்கொள்வதும் உண்டு. அதை ஜெர்மன் மொழியில் 'கல் தெரு' என்று பொருள்படும் ஒரு பெயரால் அழைக்கிறார்கள். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் 8 மி.மீ. துண்டு ஒன்று கீழறையிலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டாம் தடவை அதிர்வலை கொடுத்தார்கள். தலையைத் தாழ்த்திப் படுத்துக்கொண்டு யாரையாவது முதுகைத் தட்டச் சொல்லுங்கள் என்றார்கள். என் மகள் தினமும் தட்டினாள். அது வீண் வேலை இல்லை, சிலருக்குத் துண்டுகள் இறங்கியிருக்கின்றன. எனக்கு இறங்கவில்லை. நான்கு மாதம் போய்விட்டது.

அப்புறம்தான் வேறொரு டாக்டரிடம் போனேன். என் வயதுதான் இருக்கும். சிடி படத்தைத் திரையில் போட்டு, பேனா முனையால் கீழறையின் கழுத்தைக் காட்டினார்.

"உங்க கல்லு உடையலைன்னு சொல்ல முடியாது டீச்சர். கொஞ்சம் உடைஞ்சிருக்கு. ஆனா வெளிய வர்ற வழி குறுகலா, செங்குத்தா இருக்கு. இன்னும் பத்துத் தடவை உடைச்சாலும் தூள் இங்கேயேதான் கிடக்கும்."

நிமிடத்துக்கு எத்தனை அடி கொடுத்தார்கள் என்று கேட்டார். எண்ணி வைத்திருந்ததால் சொன்னேன். 60 என்ற வேகத்தில் கொடுத்தால் கல் இன்னும் நன்றாக உடையும், சிறுநீரகத் தசைக்கும் காயம் குறைவு என்றார். நேரம் இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். எனக்கு ஐம்பது நிமிடம் படுத்திருப்பதில் என்ன கஷ்டம்? கேட்டிருந்தால் சந்தோஷமாகப் படுத்திருப்பேன்.

அவர் சொன்ன வழி ஆர்ஐஆர்எஸ். சிறுநீர் வரும் பாதை வழியாகவே வளையும் குழாய்க் கேமராவை உள்ளே விட்டு, மூத்திரப்பையைத் தாண்டி, சிறுநீரகத்துக்குள் ஏறி, லேசரால் கல்லைப் பொடியாக்குவது. உடம்பில் எங்கும் வெட்டு இல்லை. கேமராவின் நுனி கிட்டத்தட்ட 270 டிகிரி வளையும். லேசர் இழை 200 மைக்ரான், இரண்டு மூன்று தலைமுடியைச் சேர்த்துப் பிடித்த தடிமன். பெரும்பாலும் ஹோல்மியம் லேசர்தான். துலியம் இழை லேசர் என்று புதிது ஒன்றும் வந்திருக்கிறது, கல்லை இன்னும் மென்மையான தூளாக்குகிறது.

நல்லதாகத் தெரிந்தது. ஆனால் இதிலும் முன்கூட்டியே யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்று இருக்கிறது. முழு மயக்கம் கொடுத்து, கேமராவை ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். என் சிறுநீர்க்குழாய் இடம் கொடுக்கவில்லை. வலிந்து தள்ளினால் குழாய் கிழியலாம். அதனால் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை மட்டும் வைத்துவிட்டு டாக்டர் திரும்பிவிட்டார். நான் கண் விழித்து முதலில் கேட்டது, "கல் போச்சா?" என்பதுதான். "இல்ல டீச்சர். ரெண்டு வாரம் ஸ்டென்ட் இருந்தா குழாய் தானா விரியும். அப்ப எடுத்திடலாம்." அழுதுவிட்டேன். அவர் செய்தது சரி என்று இன்று முழுமனதோடு சொல்வேன். அவசரப்படாத கை அது.

ஸ்டென்ட்டைப் பற்றி நிறைய எழுத வேண்டும். ஏனென்றால் லேசர் செய்துகொண்டவர்கள் பின்னால் பேசுவது லேசரைப் பற்றி இல்லை, இதைப் பற்றித்தான். டிஜே ஸ்டென்ட் என்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய். இரண்டு நுனியும் சுருண்டிருக்கும். மேல் சுருள் சிறுநீரகத்தில், கீழ்ச் சுருள் மூத்திரப்பையில். வீக்கத்தால் குழாய் அடைபடாமல் காப்பாற்றுகிறது. ஆனால் அந்தக் கீழ்ச் சுருள் பையை உரசிக்கொண்டே இருக்கும். நாற்பது நிமிடப் பாடவேளையில் இரண்டு முறை வெளியே போக வேண்டியிருந்தது. போய் முடிக்கும் கடைசி நொடியில் முதுகுப் பக்கம் யாரோ குத்தியதுபோல ஒரு வலி. பையிலிருக்கும் சிறுநீர் ஸ்டென்ட் வழியாகச் சிறுநீரகத்துக்கு எதிர்த்து ஏறுவதால் அப்படி. படியேறினால் சிறுநீர் சிவக்கும், தண்ணீர் குடித்து உட்கார்ந்தால் தெளியும். டாம்சுலோசின் மாத்திரை கொடுத்தார்கள், பாதி தொல்லை குறைந்தது. இதெல்லாம் முன்பே தெரிந்தால் பயம் இருக்காது. தெரியாமல் போனதால், ஏதோ தப்பாகிவிட்டது என்று முதல் இரவு முழுக்கத் தூங்கவில்லை.

ஸ்டென்ட்டை மறந்துவிடக் கூடாது. மாதக்கணக்கில் உள்ளே விட்டால் அதன் மேலேயே கல் படியும். பிறகு அதை எடுப்பதே பெரிய ஆபரேஷன் ஆகிவிடும். எடுக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டேன். மகளின் போனிலும் நினைவூட்டல் வைத்தேன்.

இரண்டாம் முறை கேமரா ஏறியது. டாக்டர் பதிவைக் காட்டினார். இளஞ்சிவப்புச் சுவர், நடுவில் என் கல், ஓரமெல்லாம் அதிர்வலை தின்று வைத்த தழும்பு. கீழறையில் வைத்து லேசர் அடித்தால் கேமரா முழுசாக வளைந்தே இருக்க வேண்டும், கைக்குச் சிரமம், கருவிக்கும் கேடு. அதனால் கம்பிக்கூடை ஒன்றால் கல்லைப் பிடித்து மேலறைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கே வைத்துப் பொடித்தார். பச்சை வெளிச்சப் புள்ளி பட்ட இடமெல்லாம் வெள்ளைப் புகைபோலத் தூள் கிளம்புகிறது. நாலைந்து சின்னத் துண்டுகளைக் கூடையால் வெளியே எடுத்தார். நான்கு மாதம் என் உடம்பால் முடியாததை, அந்தக் கூடை ஒரு நிமிடத்தில் செய்தது. திரையைப் பார்த்துக்கொண்டே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லேசருக்கு முன், கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். உள்ளே கேமரா இருக்கும்போது தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். கிருமி இருந்தால் அந்த அழுத்தத்தில் ரத்தத்தில் கலந்துவிடும். எனக்குக் கிருமி இருந்தது. ஆன்டிபயாடிக் முடித்த பிறகுதான் தேதி கொடுத்தார்.

முதுகில் துளை போடும் சிகிச்சை, அதாவது பிசிஎன்எல், என் அண்ணனுக்கு நடந்தது. அவருக்கு 28 மி.மீ. கல். 20 மி.மீ.க்கு மேல் போனால் அநேகமாக இதுதான் முதல் வழி. இந்த மூன்றில் பயமுறுத்துவது இதுதான். நம்ப மாட்டீர்கள், எங்கள் இருவரில் சீக்கிரம் கல்லில்லாமல் ஆனவர் அண்ணன்தான்.

1976-ல் ஸ்வீடனில் ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் என்ற இருவர் இந்த வழியில் கல்லை எடுத்து எழுதினார்கள். அதுவரை பெரிய கல் என்றால் விலாவைச் சுற்றி நீளமாகக் கிழித்துத்தான் எடுப்பார்கள். எங்கள் தாத்தாவுக்கு அந்தத் தழும்பு இருந்தது. அண்ணனுக்கு இருப்பது விரல் நுனி அளவு. மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே முதுகிலிருந்து கல் இருக்கும் அறைக்கு நேராக ஊசி குத்தி, அந்த வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, அதன் வழியே உடைத்து எடுத்துவிட்டார்கள். (மல்லாக்கப் படுக்க வைத்துச் செய்பவர்களும் உண்டு.) அந்த வழியில் செருகும் குழாயின் தடிமனை பிரெஞ்ச் என்ற அளவில் சொல்வார்கள். 3 பிரெஞ்ச் ஒரு மி.மீ. அண்ணனுக்கு 30, அதாவது ஒரு செ.மீ. அதையே 18 அளவிலும் அதற்குக் கீழும் குறுக்கிச் செய்வதுதான் மினி பிசிஎன்எல். துளை சிறுத்தால் ரத்தப்போக்கு குறையும், ஆனால் கல்லை இன்னும் பொடியாக உடைக்க வேண்டியிருப்பதால் நேரம் கூடும்.

ரத்தம்தான் இதில் கவலை. சிறுநீரகம் ரத்தம் நிறைந்த உறுப்பு. அதைத் துளைத்துப் போகிறோம். அண்ணனுக்கு ஹீமோகுளோபின் ஒன்றரை இறங்கியது. ரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை, ஆனால் சிலருக்கு வரும். மேலறையைக் குத்தினால் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் படும் வாய்ப்பும் உண்டு. இரண்டு நாள் முதுகில் குழாயோடு இருந்தார், நான்காம் நாள் வீடு. மூன்று வாரம் கனமானது எதையும் தூக்கவில்லை. ஆனால் ஒரே தடவை. ஸ்கேனில் ஒரு பொட்டுகூட இல்லை.

"உனக்குக் கத்தி படல, எனக்குப் பட்டுச்சு. ஆனா நீதானேம்மா ஏழு மாசம் அலைஞ்ச" என்றார் அண்ணன். நான்கு தடவை சிகிச்சைக்குப் போனேன், ஸ்டென்ட் எடுக்க இன்னொரு தடவை. இடையிடையே ஸ்கேன். இதையும் கணக்கில் சேர்த்துத்தான் எது சுலபம் என்று பார்க்க வேண்டும்.

சிலருக்குத் தேர்வு செய்ய இடமே இருக்காது. எங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அதை நிறுத்த முடியாது என்பதால் அதிர்வலையும் துளையும் அவருக்குக் கிடையாது, லேசர் ஒன்றுதான். கர்ப்பிணிகளுக்கு அதிர்வலை கூடவே கூடாது. யூரிக் அமிலக் கல் என்றால், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தாலேயே கரைய வாய்ப்பிருக்கிறது; அதைப் பார்க்காமல் லேசருக்கு ஓட வேண்டாம். 5 மி.மீ.க்குக் கீழே இருந்து குழாயில் இறங்கிவிட்ட கல் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும்.

இதில் ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்கிறேன். கல் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் வீட்டில் இருக்காதீர்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது கல்லைத் தொடவே மாட்டார்கள். முதலில் ஸ்டென்ட் வைத்தோ முதுகு வழியாகக் குழாய் வைத்தோ வடியவிட்டு, கிருமியை அடக்கிய பிறகுதான் கல்லுக்கு வருவார்கள். ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்களும் அப்படித்தான், தாமதிக்கக் கூடாது.

பாட்டிலில் வைத்திருந்த அந்த 4 மி.மீ. துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட். அதிர்வலைக்கு எளிதில் மசியாத வகை. 1180 என்ற எண் முதல் நாளே சொன்னதைத்தான் அதுவும் சொன்னது.

வகுப்புக்கு நடுவே வெளியே போக முடியாது என்று காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமலே பல வருஷம் இருந்திருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் பெண்களில் பாதிப்பேர் இன்றும் அப்படித்தான் இருக்கிறார்கள். நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேற வேண்டும். குடிப்பது அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். கால்சியம் கல் என்று கேட்டதும் கால்சியத்தையே விட்டுவிடப் பார்த்தேன். அது தப்பு, கால்சியம் குறைந்தால் ஆக்சலேட் இன்னும் அதிகமாக உடம்பில் சேரும் என்று தடுத்தார் டாக்டர். உப்பைத்தான் குறைக்கச் சொன்னார். தலைமையாசிரியரிடம் பேசி, என் மூன்றாவது பாடவேளைக்குப் பிறகு பத்து நிமிடம் இடைவெளி வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் ஸ்கேன் எடுத்தேன். இடது பக்கம் சுத்தம். வலது பக்கம் நடுவறையில் 3 மி.மீ. ஒன்று இருக்கிறது. "எந்த அறை, அடர்த்தி எவ்வளவு?" என்று நான் கேட்டதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு சின்னதுக்கு அடர்த்தி சரியா வராது டீச்சர். இப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம், வளருதான்னு மட்டும் பார்ப்போம்" என்றார். ஆறு மாதம் கழித்து அடுத்த ஸ்கேன். தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.